உதவி பெற்றவர்கள் சொன்ன பெயர்கள்: வைகை வடகரைச் சபையொன்றில் ஆவிக்குரிய வரங்களைக் கண்டறிந்த விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சபையில் யாருக்கு என்ன ஆவிக்குரிய வரம், அதாவது மற்றவர்களுக்கு ஊழியம் செய்யப் பரிசுத்த ஆவியானவர் தரும் ஆற்றல், அருளப்பட்டிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்ட பின் அதற்கு ஊழியத்தில் எப்படி இடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் ஒரு பழைய சபை இரண்டு முறை விடை தேடியது. முதல் முயற்சி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய லெந்து காலம் ஒன்றில் தொடங்கி, ஈஸ்டர் கழிந்த சில வாரங்களில் நின்றுபோனது. இரண்டாவது முயற்சி இன்றும் நடந்துவருகிறது. அச்சபையின் ஞாயிறு பள்ளியில் பொறுப்பில் இருப்பதால் இரண்டையும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பலருடைய துக்கமும் வறுமையும் இதில் பேசப்படுவதால் பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

சபையும் அதன் பழக்கமும்

சபையில் ஏறத்தாழப் பாதிப் பேர், இரண்டு மூன்று தலைமுறைகளாக ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் இருந்துவரும் குடும்பத்தினர். மீதிப் பேர் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து, ஆட்டோ ஓட்டியும் துணி தைத்தும் சிறு கடை வைத்தும் வாழ்பவர்கள். சபையை நிர்வகிக்கும் கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். ஆலயத்தைப் பெருக்குவதும், அன்பின் விருந்துக்குப் பாத்திரம் தேய்ப்பதும், அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் கட்டுவதும் பெரும்பாலும் இரண்டாம் வகையினரின் வேலையாக இருந்தன. இதை யாரும் தீர்மானம் போட்டு ஏற்படுத்தவில்லை. பல ஆண்டுகளாக அப்படியே நடந்துவந்தது, அதன் அடியில் சாதி இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு பழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மிஷனெரிகள் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கிய பின்வந்த காலத்தில், கிராமங்களில் சபைகளைத் தாங்கி நின்றவர்கள் உபதேசியார்களும், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களுமே. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில், குருப்பட்டம் பெறாத தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன; அவருடைய வரத்தால் தமிழ்த் திருச்சபை இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஊழியம் சம்பளத்தோடும் பதவியோடும் சேர்ந்து வளர்ந்த இடங்களில், ஊழியம் என்றால் ஆயர் செய்வது, மற்றவர்கள் காணிக்கை கொடுப்பது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. இச்சபையிலும் அதுவே நிலை. பிரசங்கம், வீடு சந்திப்பு, நோயாளி சந்திப்பு, அடக்க ஆராதனை, கல்யாணப் பதிவேடு ஆகிய அனைத்தும் ஆயர் ஒருவரிடம் இருந்தன. செயலரும் பொருளாளரும் பாடகர் குழுவினரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சிலரும் நீங்கலாக மற்ற அனைவரும் வந்து அமர்ந்து எழுந்து போகிறவர்களாகவே இருந்தார்கள்.

வினாத்தாள்

புதிதாக வந்த ஆயர் இந்த நிலையை மாற்ற விரும்பினார். 1970-களில் அமெரிக்கச் சபைகளில் பரவத் தொடங்கிய, வரங்களைக் கண்டறியும் வினாத்தாள் முறையின் தமிழ் வடிவம் ஒன்றை அவர் லெந்து காலத் தியானக் கூட்டங்களில் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுப்பினர் எண் இட வேண்டும். கூட்டிப் பார்த்தால் போதித்தல், இரக்கம், நிர்வாகம், விருந்தோம்பல் போன்ற வரங்களில் எது மேலோங்கியிருக்கிறது என்று தெரியும் என்பது அதன் ஏற்பாடு.

முடிவுகள் வந்தபோது ஆயரே திகைத்துப்போனார். ஏற்கெனவே மேடையில் இருந்தவர்களுக்குப் போதித்தலும் தலைமையும் வந்தன. பெண்களில் மிகப் பலர் எல்லாவற்றுக்கும் குறைந்த எண்ணே இட்டிருந்தார்கள். தன்னைப் பற்றி உயர்வாக எழுதுவது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்டவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? எழுத்துப் பழக்கம் குறைந்த முதியவர்களின் தாள்களைப் பேரப்பிள்ளைகள் நிரப்பினார்கள். சிறு குழுவில் கலந்துரையாடலை நடத்துவதில் மகிழ்ச்சி உண்டா என்பது போன்ற கேள்விகள், பன்னிரண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவரின் வாழ்க்கையைத் தொடவே இல்லை.

இவை அனைத்தையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. உதவி செய்யும் வரம் என்ற தலைப்பின்கீழ் வந்த பெயர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை ஏறக்குறைய முழுவதும் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்துவந்த அதே குடும்பங்களின் பெயர்களாக இருந்தன. தாங்கள் செய்துவந்த வேலைகளை வைத்தே அவர்கள் விடையளித்திருந்தார்கள். அந்தப் பட்டியலை அப்படியே அறிவித்திருந்தால், சாதி ஏற்படுத்திய வேலைப் பிரிவினைக்குப் பரிசுத்த ஆவியானவரின் பெயரால் முத்திரை போட்டதாகியிருக்கும். ஆயர் பட்டியலை வெளியிடவில்லை. அவர் எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது இதுதான்.

வினாத்தாள் முறையே தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஒருவர் தம்மைத் தாமே அமைதியாக ஆராய்ந்து பார்க்க அது உதவக்கூடும். ஆனால் தன்னைப் பற்றித் தான் சொல்வதை மட்டுமே சான்றாகக் கொள்ளும் முறை, தன்னைப் பற்றிப் பேசப் பழகியவர்களுக்கே சாதகமாக முடியும். அத்துடன் வேதத்தில் உள்ள வரங்களின் பட்டியல்களும் ஒன்றுபோல் இல்லை. ரோமர் 12-இல் ஏழு சொல்லப்பட்டிருக்கின்றன. முதலாம் கொரிந்தியர் 12-இன் தொடக்கத்தில் ஒன்பது வருகின்றன. எபேசியர் 4 வரங்களை ஆட்களாகவே, அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று சொல்கிறது. பேதுருவோ பேசுதல், உதவிசெய்தல் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து முழுப் பட்டியலாக்கி, அதற்குள் ஆட்களைப் பொருத்துவது அப்போஸ்தலர்களின் நோக்கமாகத் தெரியவில்லை.

கேள்வியை மாற்றியது

அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவின்போது, கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் தல்லாகுளம் வழியெல்லாம் அடைபட்டுக் கிடந்ததால் வாராந்தர வீட்டு ஜெபக்கூட்டங்கள் நடைபெறவில்லை. அவை மீண்டும் தொடங்கியபோது ஆயர் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தை எடுத்தார். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்துபோகிறாள். பேதுரு வந்து மேல்வீட்டுக்குள் நுழைந்தவுடன், விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பிக்கிறார்கள். தபீத்தாள் தன் வரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதாக வேதத்தில் இல்லை; அதைப் பெற்றவர்கள் சொன்னார்கள். எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீடாகிய பந்தி விசாரிப்பில் கிரேக்கமொழி பேசிய யூத விதவைகள் விடுபட்டபோதும், நற்சாட்சி பெற்ற ஏழு பேரை உங்களுக்குள்ளே தேடிப்பாருங்கள் என்று அப்போஸ்தலர்கள் சபையிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். யோசே என்னும் லேவியனுக்கு ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்ற பெயரை இட்டவர்களும் அவனுடைய ஆறுதலைக் கண்ட மற்றவர்களே.

இதன்படி கேள்வி மாறியது. ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுவிலும், "கடந்த ஓராண்டில் உங்களுக்கு ஒரு நெருக்கடி வந்தபோது இந்தச் சபையில் யார் மூலமாகக் கர்த்தர் உங்களுக்கு உதவினார்? என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கப்பட்டது. வரத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். ஆயரையும் ஆயரின் மனைவியையும் குறிப்பிடக் கூடாது என்ற விதியும் இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் சொன்னதைக் குழுவில் ஒருவர் குறிப்பெடுத்தார். சாட்சி சொல்வது நம் சபைகளில் ஊறிய பழக்கம் என்பதால் இதற்கு யாரும் தயங்கவில்லை. வினாத்தாளில் ஏறக்குறைய எதுவுமே எழுதாத பெண்கள் இங்கே நெடுநேரம் பேசினார்கள்.

கமிட்டியில் ஒருவரும் எதிர்பாராத பெயர்கள் வந்தன. அவற்றில் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கூட்டத்தில் பேசக் கூசுகிறவர்; ஜெபிக்கச் சொன்னால்கூட மற்றவரைக் கைகாட்டுவார். மூன்று வெவ்வேறு குழுக்களில் அவர் பெயர் வந்தது. அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை என்றவுடன் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வி வரும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று வேண்டும். குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும். ஒன்றில் இருக்கும் பெயர் மற்றொன்றில் எழுத்து மாறியிருக்கும். கிராமத்திலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர் எந்த அறைக்கு, எந்தத் தாளோடு போவது என்று தெரியாமல் தவிப்பார். சபையில் ஒரு குடும்பத்தின் உறவினருக்கு இந்த நிலை வந்தபோது, இந்த ஓய்வுபெற்ற எழுத்தர் கூடவே நடந்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஆட்சியர் அலுவலகத்தில் அட்டைக்குப் பதிவு செய்யும் வரை பொறுமையாக இருந்து முடித்துக்கொடுத்தார். பிறகு அக்கம்பக்கத்தார் அனைவரும் அவரிடமே போகத் தொடங்கினார்கள். சபையின் கமிட்டிக்கு மட்டும் அது தெரியவில்லை. தாம் செய்வது ஊழியம் என்று அவரே நினைத்ததில்லை. "நாற்பது வருசம் பார்த்த வேலைதானே ஐயா, இதுல என்ன வரம் இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு ஆயர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, அவரால் உதவி பெற்ற ஒரு தாயை அழைத்து, அடுத்த குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

கற்ற தொழிலும் அருளப்பட்ட வரமும் ஒன்றா என்ற அவருடைய கேள்வி நியாயமானது. ஒன்றல்ல என்றே நான் கருதுகிறேன். அதே அலுவலகத்தில் அதே வேலையைச் செய்து ஓய்வுபெற்ற பலர் இந்நகரத்தில் உண்டு. அந்த அறிவை, பதில் எதுவும் செய்ய இயலாத ஒருவருக்காக, கூலி இல்லாமல், சலிப்பு இல்லாமல் செலவிடத் தூண்டும் மனம் ஆவியானவர் தருவது. அனுபவம் அதற்குக் கருவியாகிறது. முதலாம் கொரிந்தியரில் குணமாக்கும் வரங்களுக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவே ஊழியங்களும் ஆளுகைகளும் வைக்கப்பட்டிருப்பதை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம்.

இரண்டாமவர் காலையில் இட்லிக்கடை நடத்தும் ஒரு விதவை. துக்க வீடுகளில் இவர் பெயரைச் சொல்லாதவர்கள் இல்லை. அடக்கம் நடந்த அன்று எல்லாரும் வருவார்கள். இவர் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, கடையை மூடிவிட்டு மதியத்தில் வந்து உட்காருவார். அதிகம் பேசமாட்டார், வேத வசனம் சொல்லி ஆறுதல்படுத்தவும் முயலமாட்டார். "அக்கா வந்து என்கூட அரிசி புடைச்சுட்டுப் போனாங்க, அன்னைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்குச்சு" என்று கணவரை இழந்த ஓர் ஆசிரியை சொன்னார். அந்த ஆசிரியை முன்வரிசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இட்லிக்கடை அக்கா பாத்திரம் தேய்க்கும் குழுவில் இருந்தவர். வினாத்தாள் அவரை மீண்டும் பாத்திரத்துக்கே அனுப்பியிருந்தது. இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன் என்ற ரோமர் நிருபத்தின் வார்த்தைக்கு இவரைப் போன்ற விளக்கத்தை நான் பிரசங்கங்களில் கேட்டதில்லை.

வேறு பெயர்களும் வந்தன. நள்ளிரவிலும் அழைத்தால் வந்து பிரசவத்துக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரர் ஒருவர், கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளைகளைத் தேற்றிய பாலிடெக்னிக் மாணவி ஒருவர், பிரிந்திருந்த அண்ணன் தம்பிகளைப் பேச வைத்த தையல்காரர் ஒருவர் என்று அந்த வரிசை நீண்டது.

சோதித்து ஏற்றுக்கொண்டது

பெயர் வந்தவுடன் யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை. இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியதை நினைவில் கொண்டு, ஒவ்வொருவரோடும் இன்னொருவர் சேர்க்கப்பட்டு, சில மாதங்கள் இருவரும் ஒன்றாக ஊழியம் செய்தார்கள். துணையாகச் சேர்க்கப்படுபவர் இயன்றவரை மற்ற வகுப்புக் குடும்பத்திலிருந்து வர வேண்டும் என்று ஆயர் வலியுறுத்தினார். இட்லிக்கடை அக்காவோடு துக்க வீடுகளுக்குப் போகத் தொடங்கியவர், முன்பு அவரால் ஆறுதல் பெற்ற அதே ஆசிரியை. முதலில் சில வீடுகளில் ஆசிரியைக்கு நாற்காலியும் அக்காவுக்குத் தரையும் கிடைத்தன. ஆசிரியை ஒவ்வொரு முறையும் தாமும் தரையில் அமர்ந்தார். வரங்களைக் குறித்துப் பவுல் எழுதிய அதே அதிகாரத்தில், பலவீனமாய்க் காணப்படும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று எழுதியிருப்பதைச் சபை படித்துப் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆகியிருக்கும்; இந்த இருவரும் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள்.

சிக்கல் வந்தது குணமாக்கும் வரத்தில். நோயாளிகளுக்காக ஜெபித்துப் பலருக்கு ஆறுதல் அளித்துவந்த ஒரு சகோதரர் பெயரும் சாட்சிகளில் வந்திருந்தது. அவர் உண்மையுள்ளவர், உபவாசித்து ஜெபிப்பவர். ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துவந்த ஒரு பெண்ணிடம், விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று அவர் சொன்னதாகத் தெரியவந்தது. அந்தப் பெண் மருந்தை நிறுத்தி, கால் புண் முற்றி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கமிட்டியில் ஒரு சாரார் குணமாக்கும் ஜெபத்தையே நிறுத்த வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், அப்படிச் செய்தால் வரங்களை நம்பும் மக்கள் வேறு சபைகளுக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சினார்கள். ஆயர் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்பதும், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதும் அங்கே அருகருகே வருகின்றன. நோயாளிக்காக ஜெபிக்கலாம், ஆனால் மருந்தைப் பற்றி எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. சபையில் உள்ள ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தச் சகோதரர் சில வாரங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. பின்னர் வந்து, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். இன்று அவரும் செவிலியரும் சேர்ந்தே போகிறார்கள். இந்த விஷயத்தில் ஆயர் இன்னும் முன்னதாகவே விதிகளை வகுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய மருத்துவமனைக்கு அருகில் வாழும் சபைக்கு இப்படியொரு நிலை வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியதுதான்.

சோதனைக் காலம் முடிந்தவர்களை ஒரு ஞாயிறு ஆராதனையில் முன்னே அழைத்து, மூப்பர்கள் கைகளை வைத்து ஜெபித்தார்கள். தீமோத்தேயுவுக்கு அளிக்கப்பட்ட வரம் மூப்பர்கள் கைகளை வைத்ததோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதே இதற்கு ஆதாரம். பதவியேற்பு விழாவுக்குரிய மாலையோ பொன்னாடையோ வேண்டாம் என்று தவிர்த்துவிட்டார்கள்.

பாத்திரம் தேய்ப்பது யார்

வரத்தைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்த பின் அதற்கு நேரம் ஏற்படுத்துவது கடினமாக இருந்தது. காலை நான்கு மணிக்கு மாவு கரைத்து அடுப்புப் பற்றவைக்கும் ஒருவர், மதியத்தில் துக்க வீட்டுக்கும் போய், பண்டிகைக்குப் பாத்திரமும் தேய்க்க வேண்டுமென்றால் உடல் தாங்காது. வரத்தின் பெயரால் ஏழைகளின் முதுகில் மேலும் சுமை ஏற்றுவது இத்தகைய முயற்சிகளில் எளிதில் நடந்துவிடும் கேடு. ஆகவே புதிய ஊழியம் ஒன்றை ஏற்பவர் பழைய பொறுப்பு ஒன்றையாவது விட வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது.

அப்படியானால் ஆலயத்தைப் பெருக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் யார் என்ற கேள்வி எழுந்தது. இது வரத்தைச் சார்ந்த வேலையே அல்ல, குடும்பத்தில் பிறந்த எல்லாருக்கும் உரிய வேலை என்று ஆயர் பிரசங்கித்து, கமிட்டி உறுப்பினர்கள் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் முறை வைத்தார். சில குடும்பங்கள் தங்கள் முறைக்குக் கூலி ஆளை அனுப்பின. ஆயரும் அவர் மனைவியும் தங்கள் முறையில் துடைப்பம் எடுத்த பிறகு அது பெருமளவு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. இந்த ஒரு மாற்றத்தை ஏற்க முடியாமல் இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அது ஆயரை வெகுவாக வருத்தியது. அவர்களுடைய வீடுகளுக்கு அவர் இன்னும் போய்வருகிறார். முறையை மட்டும் மாற்றவில்லை.

இப்போதைய நிலை

ஓய்வுபெற்ற எழுத்தரோடு இப்போது இரண்டு இளைஞர்கள் சேர்ந்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். மதம் கேட்பதில்லை, துண்டுப்பிரதி கொடுப்பதுமில்லை. இதைச் சுவிசேஷ ஊழியம் என்று சொல்லலாமா என்று கமிட்டியில் சிலர் கேட்டபோது, யாராவது விரும்பி ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கிறோம், கேட்காதவரிடம் அவருடைய ஆபத்தைச் சாதகமாக்கிக்கொள்ள மாட்டோம் என்று அந்த எழுத்தர் எழுந்து நின்று சொன்னார். கூட்டத்தில் அவர் தாமாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. இவர்களுடைய பேருந்துச் செலவுக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் சபை நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. மதிப்பூதியம் தரலாம் என்ற யோசனையை மூவருமே மறுத்துவிட்டார்கள்.

தீராதவையும் உள்ளன. போதித்தல் வரம் உள்ளவர்கள் என்று குழுக்கள் சொன்ன பெயர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் சபை அவர்களைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் அப்பால் இன்னும் அனுப்பவில்லை. பாலிடெக்னிக் மாணவி சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அவருடைய மாலை வகுப்பை நடத்த ஆள் இல்லை. அந்த வரத்தை அடுத்தவரிடம் கண்டெடுக்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. கமிட்டித் தேர்தல் நெருங்குகிறது. வேட்பாளர் பட்டியல் வழக்கம்போல் குடும்ப அடிப்படையிலேயே பேசப்படுகிறது. நிர்வாக வரம் உள்ளவர்களாகக் குழுக்களில் சாட்சி பெற்ற இருவரை நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்: ஒருவர் பிரிந்த சகோதரர்களைச் சேர்த்துவைத்த தையல்காரர், மற்றவர் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், தம் தெருவின் சீட்டுக் கணக்கைப் பல ஆண்டுகளாக ஒரு ரூபாய் பிசகாமல் நடத்திவருபவர். தையல்காரர் சம்மதித்துவிட்டார். அந்தப் பெண், வேலை செய்யும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு விடுப்புக் கேட்டுவிட்டுச் சொல்வதாக ஆயரிடம் சொல்லியிருக்கிறார்.